ஐரோப்பிய வாரண்டில் ஆள் சிக்கினால் திறக்க வேண்டிய மூன்று தளங்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

ஓசூரிலிருந்து போலந்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனவர், கிருஷ்ணகிரி கிரானைட்டை இத்தாலிக்கு அனுப்புகிறவர், தர்மபுரியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன பிள்ளை. இவர்களில் ஒருவரை அங்கே போலீஸ் நிறுத்தி, "உங்கள் பேரில் இன்னொரு நாட்டு வாரண்ட் இருக்கிறது" என்று சொன்னால், ஊரிலிருக்கும் குடும்பம் முதலில் போவது கோர்ட் வளாகத்துக்குத்தான். நம் வக்கீல்களுக்குப் பழக்கமானது 1962-ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டம்: வெளியுறவு அமைச்சகம், மாஜிஸ்திரேட் விசாரணை, மாதக் கணக்கில் கடிதப் போக்குவரத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்குள் 2004 ஜனவரி 1 முதல் நடப்பது வேறு: ஐரோப்பியக் கைது ஆணை, அதாவது ஐரோப்பிய வாரண்ட். ஒரு நாட்டு நீதிபதி படிவம் நிரப்புகிறார், இன்னொரு நாட்டு நீதிபதி ஆளை ஒப்படைக்கிறார். நடுவில் அமைச்சருக்கு வேலையில்லை. எல்லாம் நாள் கணக்கு.

அந்த நாள் கணக்குக்குள் வீட்டாரும் உள்ளூர் வக்கீலும் பயன்படுத்தக்கூடிய இலவசத் தளங்கள் மூன்று: சட்டத்துக்கு யூர்-லெக்ஸ், எந்த நீதிமன்றம் என்று கண்டுபிடிக்க ஐரோப்பிய நீதித்துறை வலையமைப்பின் அட்லஸ், உரிமைகளுக்கும் வக்கீல் தேடலுக்கும் இ-ஜஸ்டிஸ். மூன்றுக்கும் பதிவு வேண்டாம், கட்டணம் கிடையாது. தமிழில் எதுவும் இல்லை, ஆங்கிலம் போதும். மூன்றும் நீதிபதிகளையும் வக்கீல்களையும் மனதில் வைத்துச் செய்தவை என்பதால், தவறான வரிசையில் திறந்தால் ஒரு நாள் முழுக்க வீணாகும்.

முதலில் திறக்க வேண்டியது அட்லஸ். நாட்டைத் தேர்ந்தெடுத்து, நடவடிக்கைப் பட்டியலில் ஐரோப்பியக் கைது ஆணையைச் சொடுக்கி, ஊர்ப் பெயரைக் கொடுத்தால், பொறுப்பான நீதிமன்றத்தின் பெயர், முகவரி, தொலைபேசி வரும். பெரும்பாலோர் சறுக்குவது நாட்டுப் பெட்டியில். வாரண்ட் போட்டது ஸ்பெயின் என்று கேள்விப்பட்டதும் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆள் பிடிபட்ட நாட்டைத்தான் கொடுக்க வேண்டும். வெரோனாவில் ஆண்டுதோறும் நடக்கும் கல் கண்காட்சிக்குப் போன ஏற்றுமதியாளர் ஸ்பானிய வாரண்டில் அங்கே பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாடு இத்தாலி, ஊர் வெரோனா. பொறுப்பு வெனிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம். வக்கீலை வெரோனாவில் தேடுவதைவிட வெனிஸில் வாதாடுகிறவரைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

நாட்டுக்கு நாடு இந்த அமைப்பு மாறும் என்பதால்தான் அட்லஸ் முதலில் வருகிறது. நெதர்லாந்தில் எந்த ஊரில் பிடித்தாலும் ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம்தான். ஸ்பெயினில் பிடித்தால் மாட்ரிட்டின் மத்தியப் புலனாய்வு நீதிமன்றம், அயர்லாந்தில் டப்ளின் உயர் நீதிமன்றம், ஜெர்மனியில் அந்தந்த வட்டாரத்தின் மேல் மாநில நீதிமன்றம். பெங்களூரிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர் விமான நிலையத்திலேயே பிடிபட்டால், அவர் போகவிருந்த நாட்டுக்கு இதில் பங்கில்லை. பிராங்க்ஃபர்ட் மேல் மாநில நீதிமன்றத்தில்தான் வழக்கு.

அட்லஸின் குறை ஒன்று உண்டு. நாடுகளுக்கிடையே உதவும் தொடர்பு அதிகாரிகளின் பட்டியல் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. அது அதிகாரிகளுக்கானது என்பதால் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர்கள் வேறு வழியில் கிடைத்தாலும் குடும்பங்கள் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. நீதிமன்ற முகவரிக்கு வீட்டார் நேரடியாக எழுதுவதும் பயனற்றது. அட்லஸில் கிடைக்கும் விவரத்தை அங்குள்ள வக்கீலிடமும் இந்தியத் தூதரகத்திடமும் கொடுங்கள், அவ்வளவுதான். தொலைபேசி செய்வதானால், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்களின் காலை 9 மணி நமக்கு மதியம் 12.30 அல்லது 1.30.

அடுத்தது இ-ஜஸ்டிஸ். 2010-இல் தொடங்கிய தளம். இதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கான உரிமைகள் நாடுவாரியாக எழுதப்பட்டிருக்கின்றன: கைதானதும் என்ன, ஜாமீன் எப்படி, மேல்முறையீடு எங்கே. எளிய நடை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்க்காமல் அச்செடுக்காதீர்கள். மூலமொழிப் பக்கம் மாறிவிட்டது, மொழிபெயர்ப்பு இன்னும் தயாராகவில்லை என்ற அறிவிப்பு சில பக்கங்களின் தலையில் தொங்கும். அந்த இடங்களில் ஆங்கிலப் பக்கம் பழைய சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். மூலமொழிப் பக்கத்தைத் திறந்து, கைபேசியின் மொழிபெயர்ப்பில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அங்கே குறித்துக்கொள்ள வேண்டிய உரிமைகள் ஒன்றியத்தின் நான்கு சட்ட உத்தரவுகளில் (டைரக்டிவ்) இருக்கின்றன. 2010/64 மொழிபெயர்ப்பாளருக்கு, 2012/13 எழுத்து வடிவ உரிமைக் கடிதத்துக்கு, 2013/48 வக்கீலுக்கு, 2016/1919 இலவச சட்ட உதவிக்கு. இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் கைகொடுப்பது மூன்றாவது. அதன் 10-ஆம் பிரிவு பிடிபட்ட நாட்டில் ஒரு வக்கீல் மட்டுமல்ல, வாரண்ட் போட்ட நாட்டிலும் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இரண்டாவது வக்கீல் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வாரண்டையே திரும்பப் பெற வைக்கக்கூடியவர் அவர்தான். பழைய சம்மனுக்கு ஆஜராக ஒப்புக்கொள்வது, கட்டாமல் விட்ட தொகையைக் கட்டுவது, உள்நாட்டு ஆணையை ரத்து செய்யக் கோருவது எல்லாம் அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் நடக்கும். பிடிபட்ட நாட்டு நீதிபதி, ஆள் குற்றவாளியா இல்லையா என்று பார்க்கவே மாட்டார். டென்மார்க் இந்த உத்தரவுகளுக்குள் வரவில்லை. வக்கீல் உத்தரவில் அயர்லாந்தும் இல்லை. அங்கெல்லாம் உள்நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தை இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியர் என்றதும் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் வீட்டு மொழி தெலுங்கும் கன்னடமும். பலருக்குத் தமிழ் பள்ளியோடு சரி. நகரங்களில் உருது பேசும் குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர் என்பதால் தமிழ் என்று யாராவது எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கும். எந்த மொழி உண்மையில் புரியும் என்பதை முதல் நாளே வக்கீல் எழுத்தில் கேட்க வேண்டும். புரியாத மொழியில் "ஆம்" என்று தலையாட்டியது எங்கே போய் முடியும் என்பதைச் சம்மதம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

இ-ஜஸ்டிஸின் வக்கீல் தேடல்தான் மூன்று தளங்களிலும் பலவீனமான பகுதி. அந்தந்த நாட்டு வக்கீல் சங்கங்கள் கொடுத்த பதிவேட்டை அப்படியே காட்டுகிறது. சில நாடுகள் இணையவே இல்லை. இணைந்தவற்றிலும் துறை, மொழி போன்ற விவரங்கள் எல்லாப் பெயருக்கும் இருக்காது. வெனிஸ் என்று போட்டால் சொத்துத் தகராறு பார்க்கிறவரும் வருவார், விவாகரத்து பார்க்கிறவரும் வருவார். ஒப்படைப்பு வழக்கு பார்த்தவர் யார் என்று அது சொல்லாது. ஜெர்மனியில் குற்றவியல் சட்ட நிபுணர் என்ற பட்டம் தனியாக உண்டு. பெயருக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். மற்ற இடங்களில் இந்தத் தேடலை ஒருவர் உண்மையில் பதிவு பெற்ற வக்கீல்தானா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு அது நன்றாக உதவும். வாட்ஸ்அப்பில் வந்து முன்பணம் கேட்கும் "ஐரோப்பிய வக்கீல்" பெயரை இங்கே போட்டுப் பார்த்தாலே பாதி வேஷம் கலைந்துவிடும்.

இனி யூர்-லெக்ஸ். சட்ட மூலம் என்ற அளவில் இதற்கு நிகர் இல்லை. தேட வேண்டியது கவுன்சிலின் 2002/584 என்ற எண்ணுள்ள, 2002 ஜூன் 13 தேதியிட்ட கட்டமைப்பு முடிவு, அதாவது இந்த வாரண்டுக்கான மூலச் சட்டம். மூன்று மொழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது: ஆங்கிலம், பிடித்த நாட்டு மொழி, வாரண்ட் போட்ட நாட்டு மொழி. வக்கீலுக்கு அனுப்பும் கடிதத்தில் பிரிவைச் சரியாகக் குறிக்க இதைவிட எளிய வழி கிடையாது. கைபேசித் திரையில் மூன்று பத்தியும் நசுங்கிவிடும். கணினி மையத்தில் உட்கார்ந்து பார்ப்பது மேல்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. தேடலில் முதலில் வருவது 2002-இல் அரசிதழில் வந்த பழைய வடிவம். 2009-இல் வந்த 2009/299 திருத்தம், ஆள் இல்லாமல் நடந்த விசாரணை பற்றிய 4அ பிரிவைச் சேர்த்து, 5-ஆம் பிரிவின் முதல் பத்தியை நீக்கியது. பழைய வடிவத்தை அச்செடுத்துக்கொண்டு, இல்லாத பத்தியை வைத்து வாதத்தைக் கட்டுகிறவர்கள் உண்டு. 2009 மார்ச் 28 தேதியிட்ட ஒருங்கிணைந்த வடிவத்தைத் திறக்க வேண்டும். அதோடு, இந்தக் கட்டமைப்பு முடிவு ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுச் சட்டம் வழியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. இத்தாலியில் அது 2005-இன் 69-ஆம் எண் சட்டம். பிடிபட்ட நாட்டுச் சட்டத்தையும் வக்கீலிடம் கேட்டு வாங்க வேண்டும்.

காலக் கெடுவை அங்கேயே படித்துவிடலாம். ஆள் சம்மதித்தால் சம்மதம் தெரிவித்ததிலிருந்து 10 நாளில் இறுதி முடிவு. மறுத்தால் கைதிலிருந்து 60 நாள். தேவைப்பட்டால் இன்னும் 30. முடிவு இறுதியானதும் 10 நாளுக்குள் ஒப்படைப்பு. 60 நாள் தாண்டிவிட்டால் தானாக விடுதலை என்று நினைத்துவிட வேண்டாம். சி-237/15 வழக்கில் 2015 ஜூலை 16 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அப்படியில்லை என்று சொல்லிவிட்டது. இடையில் இருந்த சிறைக் காலம் முழுவதையும் தண்டனைக் காலத்திலிருந்து குறைக்க வேண்டும் என்பது 26-ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்திலேயே மிகப் பெரிய பள்ளம் 13-ஆம் பிரிவு. அதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒப்படைக்கச் சம்மதம். மற்றொன்று, 27-ஆம் பிரிவின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது, அதாவது எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கு முந்தைய வேறு குற்றங்களுக்கு வழக்கு நடத்தக் கூடாது என்ற பாதுகாப்பை. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறுக்கலாம். பழைய வேலையிடத்தில் வேறு சிக்கல்களும் இருக்கக்கூடும் என்றால் இரண்டாவதில் கையெழுத்துப் போடவே கூடாது. கொடுத்த சம்மதத்தைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. சில நாடுகள் மட்டும் அனுமதிக்கின்றன. மொழி புரியாமல் முதல் நாளே தலையாட்டினால் 60 நாள் கெடு 10 நாளாகச் சுருங்கிவிடும், ஊரிலிருந்து ஆவணம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வாரண்ட் படிவம் வக்கீல் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய கட்டங்களைப் பற்றி எந்தத் தளமும் கையைப் பிடித்துச் சொல்லாது. படிவம் யூர்-லெக்ஸில் பிற்சேர்க்கையாக இருக்கிறது. ஆங்கில எழுத்து 'ஏ' (a) முதல் 'ஐ' (i) வரை ஒன்பது கட்டங்கள். கடைசி 'ஐ' கட்டத்தில் வாரண்ட் போட்டது யார் என்று பாருங்கள். நிர்வாகத்திலிருந்து தனிப்பட்ட உத்தரவு வரக்கூடிய அரசு வழக்குரைஞர் அலுவலகம் போட்டால் செல்லாது என்று 2019 மே 27 அன்று, ஜெர்மன் வழக்குரைஞர்கள் தொடர்பான சி-508/18, சி-82/19 வழக்குகளில் தீர்ப்பாயிற்று. 'பி' கட்டத்தில் உள்நாட்டுக் கைது ஆணை ஒன்று தனியாக இருக்க வேண்டும். இந்த ஐரோப்பிய வாரண்டையே அதற்கும் காட்டியிருந்தால் செல்லாது என்பது சி-241/15. 'டி' கட்டம், ஆள் இல்லாமல் தீர்ப்பான வழக்குகளுக்கு. வேலை மாறி, முகவரி மாற்றத்தைப் பதிவு செய்யாமல் நாட்டைவிட்டுப் போனவருக்குப் பழைய அறைக்குச் சம்மன் போயிருக்கும். அது அவர் கையில் கிடைத்ததா, வக்கீல் வைத்திருந்தாரா, மறுவிசாரணை உரிமை இருக்கிறதா என்று அங்கே குறித்திருக்க வேண்டும். 'இ' கட்டத்தில் 32 குற்ற வகைகளின் பட்டியல். வாரண்ட் போட்ட நாட்டில் மூன்று ஆண்டு வரையாவது தண்டனை உள்ள குற்றமாக இருந்து அதில் டிக் போட்டிருந்தால், பிடித்த நாட்டிலும் அது குற்றமா என்று கேட்க முடியாது. மோசடி, அரசு ஆவணப் போலி, சட்டவிரோதமாக ஆளை உள்ளே கொண்டுவர உதவுவது மூன்றுமே பட்டியலில் உண்டு. விசா ஏஜெண்டுகளின் கைங்கரியத்தில் மாட்டுகிறவர்களுக்கு இவைதான் வரும்.

இப்போது 'ஏ' கட்டம், அடையாளம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் தனித் தலைவலி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் பிறந்தவரின் பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கும். 1965 அக்டோபருக்கு முந்தையதானால் சேலம். பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி. தந்தை பெயர் சிலருக்குக் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், சிலருக்கு இனிஷியலாகவே இருக்கும். ஒரே ஆள் இரண்டு பேராகவும், இரண்டு பேர் ஒரே ஆளாகவும் தெரிய இது போதும். "வாரண்டில் இருப்பவர் நான் இல்லை" என்று வாதாட வேண்டியிருந்தால் விரல்ரேகையை ஒப்பிடக் கேட்பதுதான் முதல் வேலை. அதற்குத் துணையாக, மாவட்டம் பிரிந்ததை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் பழைய, புதிய சான்றுகளின் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஆவணம் அனுப்பும்போது கவனம். மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கினால் பெரும்பாலான நாடுகளில் செல்லும். ஜெர்மனியில் செல்லாது, அந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததற்கு அந்த நாடு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அவசரத்துக்கு முதலில் ஸ்கேன் நகலை வக்கீலுக்கு அனுப்பி, என்ன வடிவத்தில் நீதிமன்றம் ஏற்கும் என்று கேட்டபிறகு முத்திரைக்குப் பணம் கட்டுங்கள்.

தீர்ப்புகளையும் யூர்-லெக்ஸிலேயே வழக்கு எண் கொடுத்துத் தேடலாம். வீட்டார் அதிகம் கேட்பது சிறை நிலைமை. "அந்த நாட்டு ஜெயில் மோசம்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. 2016 ஏப்ரல் 5-இன் சி-404/15 தீர்ப்பு இரண்டு படி வைத்தது: நம்பகமான, அண்மைத் தகவலோடு பொதுக் குறையைக் காட்ட வேண்டும்; பிறகு இந்த ஆள் அடைக்கப்படப்போகும் இடத்தில் அவருக்கே ஆபத்து என்று காட்ட வேண்டும். பலர் தங்கும் அறையில் ஒருவருக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைந்தால் உரிமை மீறல் என்று வலுவாக ஊகிக்கப்படும். அந்த அளவில் கழிப்பிடம் சேராது, கட்டில் மேசை சேரும் என்று சி-128/18 கணக்கே சொல்லிவிட்டது.

பல ஆண்டு இத்தாலியில் வாழ்கிறவர்கள் 2023 ஜூன் 6-இன் சி-700/21 தீர்ப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தண்டனை அனுபவிக்கக் கேட்கும் வாரண்டில், "இங்கேயே அனுபவிக்கிறேன்" என்று கோர 4-ஆம் பிரிவின் 6-ஆம் பத்தி இடம் தருகிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் என்பதற்காக மட்டுமே அதை முழுக்க மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. இதற்கு வேண்டியவை வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, தங்கும் அனுமதி, பிள்ளைகளின் பள்ளிச் சான்று. இவை அங்கே உள்ளவை; ஊரிலிருந்து அனுப்ப ஒன்றுமில்லை.

தூதரக உதவிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் தளம் இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணோடு புகார் பதிந்து, நீதிமன்றப் பெயரையும் சேர்த்தால் வேலை சுருக்கமாகும். தூதரகம் ஆளைச் சந்திக்கும், வழக்கு நடத்தாது.

மதிப்பெண் போட்டால், ஐந்துக்கு யூர்-லெக்ஸுக்கு நாலரை, அட்லஸுக்கு நான்கு, இ-ஜஸ்டிஸின் உரிமைப் பக்கங்களுக்கு மூன்றரை, அதன் வக்கீல் தேடலுக்கு இரண்டு. பெயரைப் போட்டு வாரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி இவற்றில் எதிலும் கிடையாது. அந்த எச்சரிக்கைகள் ஐரோப்பிய நாட்டுப் போலீஸ் பயன்படுத்தும் ஷெங்கன் தகவல் அமைப்பில் இருக்கின்றன. பொதுமக்கள் இணையத்தில் திறந்து பார்க்க முடியாது. இன்டர்போலின் சிவப்பு அறிவிப்பு வேறு, இது வேறு. காசு வாங்கிக்கொண்டு "செக் பண்ணித் தருகிறேன்" என்கிறவரை நம்ப வேண்டாம்.

பிடிபட்டது சுவிட்சர்லாந்து என்றால் இந்த முறையே பொருந்தாது. அங்கே 1957-இன் பழைய ஐரோப்பிய நாடு கடத்தல் உடன்படிக்கைதான். பிரிட்டன் 2021 ஜனவரி முதல் தனி ஒப்பந்தத்தின்கீழ் கிட்டத்தட்ட இதே மாதிரி நடத்துகிறது; நார்வே, ஐஸ்லாந்துக்கும் 2019 நவம்பரிலிருந்து தனி ஒப்பந்தம். ஆள் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பியிருந்தால் ஐரோப்பிய வாரண்டை வைத்து இங்கே யாரும் கைது செய்ய முடியாது. அந்த நாடு வெளியுறவு அமைச்சகம் வழியாகக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அப்போது நம் கோர்ட் வளாகத்து வக்கீலின் 1962 சட்டம்தான் பேசும்.